மேளம் நின்ற வாசல்

சம்பா என்றதும் ரப்பர் தோட்டத்து மேட்டு டிவிசன் லய வீடுகளில் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது அரிசிதான். கிளினிக்கில் சம்பா குழு தொடங்குகிறார்கள், சனிக்கிழமை தோறும் தம்பியைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று வேலம்மா சொன்னபோது, சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராக் கமலாட்சி, "எத்தன கிலோ குடுப்பாங்களாம்?" என்று கேட்டாள். அரிசி இல்லை, மேளம் அடித்துக்கொண்டு ரோட்டில் ஆடுவது என்று விளக்கியதும் அவளுடைய அக்கறை அந்த நிமிஷமே வற்றிப்போனது.

"ஏற்கெனவே ஆடுறவனுக்கு மேளத்த வேற குடுக்கிறாங்களா?"

வேலம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் அவளைத் தெரியாதவர்கள்.

அது இரண்டாயிரத்தெட்டாம் வருடம். வடக்கே சண்டை உச்சத்தில் இருந்தது. பலாபத்வல கடைத்தெருவைக் கிழித்துக்கொண்டு போகும் யாழ்ப்பாண ரோட்டில் ஆமி லொறிகள் வரிசை கட்டிப் போகும். தமிழ் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து நின்றால் அடையாள அட்டை கேட்பார்கள். அப்படிப்பட்ட காலத்தில், மனநோய்க்காரர்களையும் அவர்கள் வீட்டாரையும் ஒன்றாகச் சேர்த்து ரோட்டில் ஆடவிடலாம் என்று நினைத்தவள் மார்த்தா என்ற பிரேசில் நாட்டுக்காரி. சுனாமிக்குத் தொண்டு செய்ய வந்தவள், பிறகு மாத்தளைப் பக்கம் கிளினிக் ஒன்றில் எட்டு மாதம் தங்கினாள். அவள் ஊரில் திருவிழா வந்தால் தெருவெல்லாம் சம்பா ஆடுமாம். மனநோய்க்காரர்களும் தனிக் குழுவாகச் சோடித்துக்கொண்டு வருவார்களாம். அவர்களைப் பார்த்து யாரும் கல்லெறிய மாட்டார்களாம். இதைக் கேட்டபோது நம் ஆட்களுக்குக் கடைசி விஷயம்தான் நம்பமுடியாததாக இருந்தது.

மார்த்தா விசா முடிந்து போனபிறகு அவள் தாளத்துக்கு ஊதும் விசில் ஹமீமாவின் கழுத்துக்கு வந்தது. ஹமீமா கிளினிக்கில் வேலை செய்யும் மாத்தளை டவுன் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வீடு வீடாகப் போய், மாத்திரை போடுகிறார்களா, சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பது அவள் வேலை. தார் பீப்பாக்களை வெட்டித் தோல் இழுத்துக் கட்டி மேளமாக்கியிருந்தார்கள். குழுவில் இருபத்திரண்டு பேர். நோயாளிகள் பாதி, வீட்டார் பாதி. நாவுல பஸ்ஸில் இருபது வருடம் கொண்டக்டராக இருந்து, காதுக்குள் குரல் கேட்கத் தொடங்கியதும் வேலையை விட்ட சாலிஹ் நானா இருந்தார். யட்டவத்தயிலிருந்து சிங்களக் குடும்பங்கள் நாலைந்து வந்தன. எல்லாவற்றிலும் பெரிய பீப்பா வேலம்மாவின் தம்பி முத்துவீரனின் வயிற்றில் தொங்கியது.

முத்துவீரனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மாத்திரையால் உடம்பு ஊதி, கை நடுங்கும். மேளம் கிடைத்ததும் நடுக்கம் மாயமாக மறைந்தது என்று எழுதினால் அது பொய். நடுக்கத்தோடேதான் அடித்தான். ஆனால் அடி பிசகாது. ஏனென்றால் அவன் பிறவித் தப்பு மேளக்காரன். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் அவன் அப்பன் அடித்தான், அப்பன் போனபிறகு அவன் அடித்தான்.

பொன்னையாவின் கதையை இங்கே சொல்லாவிட்டால் மற்றதெதுவும் விளங்காது.

பொன்னையா அந்தக் காலத்தில் தோட்டத்துத் தலைவர், கோயில் தலைவரும் அவரே. தொண்ணூற்றேழில் முத்துவீரனுக்குச் சுகமில்லாமல் வந்தது. தூக்கமில்லை, தனக்குத்தானே பேச்சு, நட்டநடுப் பகலில் பெரட்டு மேளத்தை அடித்துவிடுவான். பால் வெட்டப் போன சனம் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவரும். பொன்னையா வந்து பார்த்தார். முனி பிடித்திருக்கிறது, ஒரு மண்டலம் கோயில் தூணில் கட்டிவைத்தால் இறங்கிவிடும் என்றார். யாரைக் கேட்டார்? யாரையும் கேட்கவில்லை. மாட்டுச் சங்கிலியால் கட்டினார்கள். காலையிலும் மாலையிலும் வேப்பங்குழையால் அடித்தார்கள்; அது பிறகு வேப்பங்கம்பானது.

இருபத்தாறாம் நாள் அவன் அம்மா ராசம்மா செத்துப்போனாள். மகனைப் பார்த்துப் பார்த்தே செத்தாள் என்பது வேலம்மாவின் கட்சி. ஒரே மகனை அவிழ்த்துவிடச் சொல்லி வேலம்மா பொன்னையாவின் காலில் விழுந்தாள். "முனி புடிச்சவன் கொள்ளி வச்சா தோட்டத்துக்கு ஆகாது" என்றார் அவர். சரி, பக்கத்துத் தோட்டத்திலிருந்து மேளத்துக்காவது ஆள் கூப்பிடலாம் என்றாள். "பேய் வீட்டுக்கு மேளம் எதுக்கு? வெயிலேற முந்தி எடுங்க" என்றார். ஊருக்கெல்லாம் சாவு மேளம் அடித்த வீட்டுக்கு மேளமில்லாத சாவு. பாடை கோயில் பக்கம் போகாமல் ரப்பர் மலைக் குறுக்குப் பாதையால் போனது. வேறொருத்தன் கொள்ளி வைத்தான். முத்துவீரன் தூணில் கிடந்து, "அம்மாவ எங்க கொண்டுபோறீங்க, எங்க கொண்டுபோறீங்க" என்று கத்தியது மலை முழுக்கக் கேட்டது.

மூன்று நாள் கழித்து வேலம்மா அம்மிக் குழவியால் சங்கிலிப் பூட்டை உடைத்து, தம்பியை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அன்றைக்குக் கலியாணப் பேச்சை நிறுத்தியவள்தான். பதினொரு வருடமாகப் பால் வெட்டி, தம்பிக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்து, பொன்னையாவை மனதுக்குள் தினமும் ஒருமுறை கொன்றுகொண்டிருந்தாள்.

அக்டோபர் பத்தாம் தேதி மனநல தினம். டவுனில் ஊர்வலம் போகக் கேட்டதற்குப் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பொலிஸ் மறுத்துவிட்டது. வேண்டுமானால் பலாபத்வல கடைத்தெருவில் ஒரு மணித்தியாலம் போகலாம் என்றார்கள். ஹமீமாவுக்கு அது ஏமாற்றம். வேலம்மாவுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஏனென்றால் பொன்னையா இப்போது தோட்டத்தை விட்டிறங்கி, பலாபத்வல கடைத்தெருவில்தான் பெரிய பலசரக்குக் கடை வைத்திருந்தார்.

மார்த்தா போகும்போது ஒரு வேலை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். குழுவில் உள்ளவர்கள் தத்தம் வீட்டுப் பக்கத்துத் தாளம் ஒன்றைக் கொண்டுவந்து சம்பாவுக்குள் சேர்க்கவேண்டும். யட்டவத்தக்காரர்கள் தரையில் வைத்து அடிக்கும் ரபான் மேளத்தின் அடியைக் கொண்டுவந்தார்கள். தோட்டத்துத் தாளம் எது என்று ஹமீமா கேட்டபோது, முத்துவீரன் யோசிக்கும் முன்னே வேலம்மா எழுந்து, தகர மூடியில் விரலால் தட்டிக்காட்டினாள். நிதானமாக மூன்று, ஒரு மூச்சு நிறுத்தம், பிறகு படபடவென்று இரண்டு.

"இது என்ன அடி வேலம்மாக்கா?"

"கரகத்துக்கு அடிக்கிறதுங்க மிஸ்."

அது சாவு மேளம். பெண்கள் தப்பைத் தொடுவதில்லை; ஆனால் தப்புக்காரன் மகளின் காதை யார் அடைக்க முடியும்? பிணமில்லாத வாசலில் அந்த அடியை அடித்தால் அடுத்த பிணம் அந்த வீட்டில் என்பது தோட்டத்து நம்பிக்கை. அதைவிடக் கெட்ட சாபம் எங்கள் பக்கத்தில் கிடையாது. இருபது பேர் அதைச் சிரித்துக்கொண்டே பழகினார்கள். அந்த மூச்சு நிறுத்தத்தில் எல்லோரும் இடுப்பை ஒரு வெட்டு வெட்டவேண்டும் என்று ஹமீமா சேர்த்துவிட்டாள். முத்துவீரன் மட்டும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

அன்று அவன் அக்காவுக்கு முன்னால் தனியாக நடந்து வீடு வந்தான். பின்னேர மழை பிடித்துக்கொண்டது. வேலம்மா ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ போட்டு மாவு பிசைந்து கல்லில் தட்டினாள். அவன் அடுப்பருகே குந்தியிருந்தான்.

"அக்கா, அது கரகமா?"

"எது?"

"தெரியாத மாரி கேக்காத."

"கரகத்துக்கும் அப்பிடி அடிப்பாங்க."

"யாரு அடிப்பா? அப்பா அடிச்சதில்ல. நான் அடிச்சதில்ல." ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினான். "பொன்னையா கட வாசலுக்கா?"

"ஆமா."

"அவரு சாகணுமா?"

"செத்தா நல்லதுதான். சாகாட்டியும் பரவால்ல. அடுத்தது நம்மதானான்னு பயந்து, சோறு எறங்காம, தூக்கமில்லாம கெடக்கணும். எங்கம்மாவ மேளமில்லாம, நாயத் தூக்கிட்டுப் போற மாரி கொண்டுபோனாங்கடா. நீ பாக்கல்ல. நான் பாத்தேன்."

"நான் பாக்கல்லதான். கட்டிப்போட்டிருந்தாங்களே, எப்பிடிப் பாக்கிறது?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

"என்னயக் கேட்டியா நீ?"

"என்னத்தடா கேக்கிறது?"

"இப்பிடிச் செய்யப் போறேன், ஒனக்குச் சம்மதமான்னு. பொன்னையாவும் என்னயக் கேக்காமத்தான் கட்டினாரு. ஆஸ்பத்திரியில கேக்காமத்தான் ஊசி போட்டாங்க. இப்ப நீயும் கேக்கல்ல."

"நான் ஒனக்காகத்தானே தம்பி..."

"எல்லாரும் எனக்காகத்தான் செய்யிறாங்க அக்கா."

ரொட்டி கருகிப் புகைந்தது. வேலம்மா அதைத் திருப்பவில்லை. பொன்னையாவையும் தன்னையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டானே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஆத்திரத்தில் பாதி, அவன் சொன்னது சரியாக இருந்ததால் வந்தது.

"நீ அடிக்க வேணாம்" என்றாள் கடைசியில். "மத்தவங்க அடிப்பாங்க. நீ சும்மா நில்லு."

அவன் கருகிய ரொட்டியை, மிளகாய் இடித்த கட்டச் சம்பலோடு தின்றான். மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

ஊர்வலத்துக்கு முதல் நாள் குட்டு வெளிப்பட்டது. பஸ்ஸை நிறுத்தி எத்தனை தோட்டத்துச் சாவுக்கு வழிவிட்டிருப்பார் சாலிஹ் நானா! அவருக்குச் சந்தேகம் வந்து, ஹமீமாவின் காதில் போட்டுவிட்டார். ஹமீமா வேலம்மாவை மரத்தடிக்குக் கூப்பிட்டாள்.

"இது மய்யத்துக்கு அடிக்கிற மேளமாமே. சாலிஹ் நானா சொல்றாரு. எனக்குப் பொய்யா சொன்னீங்க?"

"பொய்தாங்க மிஸ்."

"என்னத்துக்கு?"

வேலம்மா சொன்னாள். தூணிலிருந்து குறுக்குப் பாதை வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஹமீமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"நான் அந்த மனிசனுக்குப் பரிஞ்சு பேசல்ல அக்கா. அவருக்கு அல்லாஹ் இருக்கான். ஆனா நாளைக்கு ரோட்டுல ஒரு பெரச்சின வந்தா, பைத்தியக்காரங்க கலகம் செஞ்சாங்கன்னுதான் எழுதுவாங்க. இனி ஒருநாளும் இவங்கள வெளிய விடமாட்டாங்க. இந்த இருவத்திரண்டு பேரையும் உங்கட கோவத்துக்கு அடகு வைக்க ஏலாது. அந்த அடி வேணாம்."

"சரிங்க மிஸ்" என்றாள் வேலம்மா. அம்மாவுக்கு மேளம் வேண்டாம் என்று சொல்வது இது இரண்டாம் தடவை என்று அவளுக்குப்பட்டது. இந்தத் தடவை சொன்னவள் நல்லவள். அதனால் திட்டக்கூட முடியவில்லை.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. மஞ்சளும் பச்சையுமாகத் துணி, சேவல் இறகும் பழைய சீடித் துண்டும் ஒட்டிய தலைச்சோடனை. சாலிஹ் நானா கண்ணாடி மணி தைத்த தொப்பியோடு மாப்பிள்ளை போல முன்னால் நடந்தார். ஹமீமா விசில் ஊத, பீப்பாக்கள் கிளம்பின. கடைத்தெரு முதலில் சிரித்தது. யாரோ ஊளையிட்டார்கள். யட்டவத்தச் சிங்களப் பெண் ஒருத்தி, ஐந்து வருடமாக அறையைவிட்டு வராதவள், கையை விரித்துச் சுழன்று ஆடத் தொடங்கியதும் சிரிப்பு மெல்ல அடங்கியது. பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்து தாளம் போட்டார்.

பொன்னையா கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வேலம்மா அவரைப் பார்க்காமல் போய்விட நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, காலை எண்ணி வைத்தாள். கடந்துவிட்டிருப்பார்கள். அவர்தான் விடவில்லை.

"அட, நம்ம முத்துவீரன்!" என்று சத்தமாகக் கூப்பிட்டார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இவன் எந்த நெலமையில கெடந்தான் தெரியுமா? அன்னிக்கி நான் தூணுல கட்டி முனிய எறக்கினதாலதான் இன்னிக்கி இப்பிடி நிக்கிறான். என்னடா, ஞாபகம் இருக்கா?" என்றார். பெருமையாகச் சொன்னார். அதுதான் கொடுமை. அந்த மனிதர் பதினொரு வருடமாக நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

வேலம்மாவின் காதில் இரத்தம் இரைந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்னே பின்னால் பெரிய பீப்பா நின்றது.

"ஞாபகம் இருக்குங்க" என்றான் முத்துவீரன்.

நிதானமாக மூன்று அடித்தான். மூச்சு நிறுத்தினான். படபடவென்று இரண்டு.

ஆறு வாரம் பழகிய கைகள் சும்மா இருக்குமா? மற்றப் பீப்பாக்கள் தாமாகச் சேர்ந்துகொண்டன. ஹமீமா விசிலை ஊதினாள், மறுபடி ஊதினாள். பிறகு முத்துவீரனின் முகத்தைப் பார்த்தாள். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். யாரும் இடுப்பை வெட்டவில்லை. என்னவென்று தெரியாமலே எல்லோரும் நேராக நின்று அடித்தார்கள். கடைத்தெருவில் நின்ற தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்தது. பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். ஆண்கள் தோள் துண்டுகளை இறக்கினார்கள். பக்கத்துக் கடைக்காரன் பலகையைப் பாதி சாத்தினான்.

பொன்னையா எழுந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"டேய், நிறுத்துடா! யாருக்குடா இந்த மேளம்? யாரு செத்தா?"

"எங்கம்மா."

"ஒங்கம்மா செத்து பத்துப் பன்னெண்டு வருசமாச்சேடா!"

"ஆமாங்க. மேளமில்லாம எடுத்தா அது எடுத்ததா? இன்னிக்கித்தான் எடுக்கிறோம். துண்ட எறக்குங்க."

வேலம்மா தம்பியைப் பார்த்தாள். அவள் சாபத்துக்குச் சொல்லிக்கொடுத்த அடி. அவன் அதைச் சாபமாக அடிக்கவில்லை, அம்மாவுக்கு அடித்தான். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நடுரோடு என்று பாராமல் நெஞ்சில் அடித்துக்கொண்டு, பதினொரு வருடத்து ஒப்பாரியை எடுத்தாள்.

மேட்டு டிவிசனில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சாவு மேளம் யார் வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டு ஆண், துண்டை இடுப்பில் கட்டி, செருப்பில்லாமல், சந்தி வரைக்குமாவது பின்னால் நடக்கவேண்டும். நடக்காதவனைக் கோயில் வாசலில் வெயிலில் முழங்காலில் நிறுத்துவார்கள். அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டவர் பொன்னையாதான். அவர் உதவிக்கு யாரையோ தேடினார். எதிரே கோயில் கமிட்டி நல்லையா நின்றான்.

"வழக்கம் வழக்கந்தானே தலைவரே" என்றான் நல்லையா. "எங்கப்பாவ காச்சலோட நிக்க வச்சீங்க."

சனம் பார்த்துக்கொண்டிருந்தது. பொன்னையா செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டினார். சேவல் இறகும் சீடித் துண்டும் மினுங்கிய அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். தார் ரோடு கொதித்தது. அவர் காலை மாற்றி மாற்றி வைப்பதை வேலம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒப்பாரிக்கு நடுவிலும் அது அவளுக்கு இனித்தது. இனிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சந்தியில் ஆமி காவலரண். ஊர்வலம் அங்கேதான் முடியவேண்டும். சிப்பாய் ஒருவன் கையில் பட்டியலோடு தலைகளை எண்ணினான். போகும்போது எத்தனை பேரோ முடியும்போதும் அத்தனை பேர் இருக்கவேண்டும் என்பது பொலிஸ் கட்டளை. இருபத்துமூன்று வந்தது. மறுபடி எண்ணினான். இறகில்லாமல் நின்ற பொன்னையாவைத் துப்பாக்கி முனையால் காட்டி, இது யார் என்று ஹமீமாவிடம் சிங்களத்தில் கேட்டான். அவள் முத்துவீரனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்ககூட நடந்து வந்தவருதான்" என்றான் முத்துவீரன், அவனுக்குத் தெரிந்த சிங்களத்தில். "எழுதிக்கங்க."

சிப்பாய் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்து எழுதினான். பட்டியலில் இரண்டு பக்கம் இருந்தது. ஒன்று நோயாளி, மற்றது உறவுக்காரர். எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டான்.

பொன்னையா வேலம்மா பக்கம் நகர்ந்தார். "ஒறவுன்னு போடச் சொல்லு புள்ள" என்றார் வேலம்மாவிடம், மெல்ல. தோட்டமே நடுங்கிய அந்தக் குரல் கெஞ்சுவதை அவள் அன்றுதான் கேட்டாள். "நம்ம எல்லாம் ஒரே தோட்டத்துச் சனந்தானே. நீ சொன்னா எழுதுவான்."

வேலம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிப்பாய்ப் பக்கம் திரும்பி, பிசிறில்லாத சிங்களத்தில் சொன்னாள்:

"ஒறவில்ல மாத்தியா. இவரு எங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

சிப்பாய் தோளைக் குலுக்கிவிட்டு நோயாளிப் பக்கத்தில் எழுதினான். கையெழுத்துப் போடும்படி பேனையை நீட்டினான். கடைத்தெருவில் பாதி அங்கே கூடி நின்றது. பொன்னையா பேனையை வாங்கினார். நோயாளி என்ற தலைப்பைப் பார்த்ததும் பேனையைத் தாளில் வைக்கவில்லை.

முத்துவீரன் பீப்பாவை இறக்கிவைத்துவிட்டு, அவர் பெயருக்கு நேரே ஒரு விரலை வைத்து இடத்தைக் காட்டினான். அதற்கு மேல் வரியில் அவன் பெயர் இருந்தது.

"பயப்படாம போடுங்க தலைவரே" என்றான். "அந்தப் பக்கத்துல இருக்கிற யாரும் ஒங்களக் கட்டிப்போட மாட்டாங்க."